ஒரு குழிச் சுவருக்கு எத்தனை லிட்டர்?

புதுச்சேரியில் மனை வாங்குவோரும் விற்போரும் குழி, வீசம் என்னும் பழைய அளவுகளை இன்றும் கைவிடவில்லை. தமிழ்நாட்டின் பல பகுதிகளில் 12 அடிக்கு 12 அடியான 144 சதுர அடியே ஒரு குழி எனப்பட, புதுச்சேரிக் குழி 24 அடிக்கு 24 அடி, அதாவது 576 சதுர அடி கொண்டதாக இருக்கிறது. தமிழ்ப் பின்னக் கணக்கில் பதினாறில் ஒரு பங்கைக் குறிக்கும் வீசம் இங்கே 36 சதுர அடியாகிறது. பக்கத்துக்கு ஆறடியான ஒரு சதுரம் என்று எவரும் மனக்கண்ணில் வரைந்துகொள்ளக்கூடிய அளவு அது. பிரெஞ்சு ஆட்சியின் வழிவந்த ஆர், சென்டியார் ஆகிய மெட்ரிக் அளவுகளும் (ஒரு சென்டியார் என்பது ஒரு சதுர மீட்டர்) இவற்றோடு சேர்ந்தே பத்திரங்களில் வழங்குகின்றன. நிலத்தை இவ்வளவு நுட்பமாக அளந்து பழகிய ஊரிலும், அந்த நிலத்தின்மீது எழுந்து நிற்கும் சுவரை அளக்கும் வழக்கம் அரிதாகவே காணப்படுகிறது. வண்ணப்பூச்சு வாங்கச் செல்லும் குடும்பத்தினர் பெரும்பாலும் தரையின் நீள அகலத்தை மட்டுமே கடையில் சொல்கின்றனர். எத்தனை லிட்டர் என்பதைக் கடைக்காரரின் ஊகமோ பெயிண்டரின் அனுபவமோ முடிவு செய்கிறது.

அந்த ஊகம் குறைந்துபோனால் பாதிச் சுவரில் வேலை நின்றுவிடும். கூடிப்போனால் பாதி வாளி பரணில் கிடந்து கெட்டுப்போகும். இரண்டையும் தவிர்க்க வேண்டிய கணக்கு பள்ளிக்கூடத்துப் பெருக்கலையும் வகுத்தலையும் தாண்டுவதில்லை. ஆயினும் அக்கணக்கில் இடும் எண்களில் ஒன்று மட்டும் டின்னின் மேல் அச்சாகியிருப்பதில்லை. அது சுவரின் நிலை. உப்பும் ஈரமும் கலந்த மண்ணில் நிற்கும் வீடுகளுக்கு அந்த எண்ணே மற்றெல்லா எண்களையும்விட முதன்மையானது.

தேங்காய்த்திட்டு அத்தகைய மண். திட்டு என்னும் சொல், நீர் சூழ்ந்த இடத்தில் மேடிட்டு நிற்கும் நிலத்தைக் குறிப்பது. சங்கராபரணியின் கிளையான அரியாங்குப்பம் ஆறு கடலோடு கலக்குமிடத்தில், விசைப்படகுகள் அணையும் மீன்பிடித் துறைமுகத்தையும் அலையாத்திக் காட்டின் மிச்சங்களையும் ஒட்டி, புதுச்சேரி நகரின் தென்புறத்தில் இப்பகுதி அமைந்திருக்கிறது. இங்கே ஒரு வீட்டுச் சுவரின் கீழே உவர் நீர் ஊறிய நிலமும், வெளியே உப்பு ஏறிய கடற்காற்றும் உண்டு. எந்தப் பூச்சு நிறுவனத்தின் விளக்கத்தாளும் இந்தச் சுவரை மனத்தில் வைத்து எழுதப்படுவதில்லை. அதில் ஒரு லிட்டருக்கெனத் தரப்படும் பரப்பளவு வழவழப்பான, உலர்ந்த, உறுதியான சுவருக்கு உரியது.

தரையின் அளவும் சுவரின் அளவும்

கணக்கின் முதற்படி, சுவரின் பரப்பைக் காண்பது. 14 அடி நீளமும் 11 அடி அகலமும் 10 அடி உயரமும் உள்ள ஓர் அறையை எடுத்துக்கொண்டால், நான்கு சுவர்களின் நீளத்தையும் கூட்டக் கிடைக்கும் சுற்றளவு 50 அடி. அதை உயரத்தால் பெருக்கினால் 500 சதுர அடி. ஏழடிக்கு மூன்றடியான ஒரு கதவுக்கு 21 சதுர அடியும், நான்கடிக்கு நான்கடியான இரண்டு சன்னல்களுக்கு 32 சதுர அடியும் கழித்தால் எஞ்சுவது 447 சதுர அடி, அதாவது ஏறக்குறைய 41.5 சதுர மீட்டர். தரையின் பரப்போ 154 சதுர அடிதான். நான்கே கால் வீசம் தரையுள்ள சிற்றறையில் பன்னிரண்டு வீசத்துக்கும் மேற்பட்ட சுவர் நிற்கிறது என்பதைப் பலர் அளந்து பார்க்கும்வரை நம்புவதில்லை.

தரையின் பரப்பை மூன்றரையால் பெருக்கினால் சுவரும் கூரையின் அடிப்பரப்பும் சேர்ந்து கிடைத்துவிடும் என்பது கட்டுமானத் தொழிலில் வழங்கும் விரைவுக் கணக்கு. மேற்சொன்ன அறைக்கு அது 539 சதுர அடி என்று காட்டும். உண்மை அளவு 447-உம் 154-உம் கூடி 601. பத்தில் ஒரு பங்கு குறைந்துபோவதற்குக் காரணம், அறை சிறுக்கச் சிறுக்கத் தரையைவிடச் சுவரின் விகிதம் கூடிக்கொண்டே போவதுதான். உயரமும் இவ்வாறே கணக்கை மாற்றுகிறது. புதுச்சேரியின் பழைய தெருக்களில், தேக்கு உத்திரங்களின்மேல் செங்கல்லைச் சாய்த்து அடுக்கிச் சுண்ணாம்புக் காரையிட்டுக் கட்டிய மெட்ராஸ் டெரஸ் கூரையுள்ள வீடுகளின் அறைகள் மிக உயரமானவை; மேற்சொன்ன அறையே 14 அடி உயரமாக இருந்தால் சுவர் மட்டும் 700 சதுர அடியாகிவிடும். ஆகவே மூன்றரை மடங்குக் கணக்கு செலவைத் தோராயமாக அறியப் பயன்படலாமே தவிர, டின் வாங்குவதற்கு அளவு நாடா ஒன்றே துணை.

கதவு, சன்னல்களைக் கழிப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. இந்தியத் தர நிர்ணய அளவீட்டு முறைப்படி, 0.5 சதுர மீட்டருக்கு உட்பட்ட திறப்புகளுக்குக் கழிவு இல்லை. அதற்கு மேல் 3 சதுர மீட்டர் வரையுள்ள திறப்புகளுக்குச் சுவரின் ஒரு முகத்தில் மட்டும் கழித்துவிட்டு, மறுமுகத்தைக் கழிக்காமல் விடுகின்றனர். சன்னலைச் சுற்றிச் சுவரின் தடிப்பில் தெரியும் பக்கவாட்டுகளுக்கும் பூச்சு தேவைப்படுகிறது என்பதும், கழிக்காமல் விட்ட பரப்பு அதற்கு ஈடாகும் என்பதும் இந்த வழக்கத்தின் காரணம். ஒன்பது அங்குலச் சுவர் உள்ள வீட்டில் இப்பக்கவாட்டுகள் சிறியவை. ஒன்றரை அடிச் சுவருள்ள பழைய வீட்டிலோ அவற்றைத் தனியே அளந்து கூட்டுவதே பொருத்தம். பரணின் அடிப்பகுதி, அலமாரியின் உட்புறம், உத்திரத்தின் இரு பக்கங்கள் ஆகியவையும் கணக்கில் அடிக்கடி விடுபடும் இடங்களாகும்.

டின் சொல்லும் எண்

இரண்டாம் படி, ஒரு லிட்டர் எவ்வளவு பரப்பை மூடும் என்பது. நீரில் கலக்கும் தன்மையால் உள்சுவர்களுக்கு இன்று பெரிதும் பயன்படும் எமல்ஷன் வகைப் பூச்சு, பட்டி பார்த்து வழவழப்பாக்கப்பட்ட சுவரில், இரண்டு கோட்டிங் முடியும்போது லிட்டருக்கு 120 முதல் 140 சதுர அடி வரை வரும் என்று கொள்ளலாம். நடுவாக 130 என்று வைத்தால், 447 சதுர அடிச் சுவருக்கு 3.44 லிட்டர் வேண்டும். ரோலரில் ஊறுவதற்கும் வாளியின் அடியில் ஒட்டுவதற்கும் பிற்காலத் திருத்தத்துக்கும் பத்து விழுக்காடு கூட்டினால் 3.8 லிட்டர் ஆகும். சந்தையில் 1, 4, 10, 20 லிட்டர் அளவுகளிலேயே பெரும்பாலும் விற்கப்படுவதால் நான்கு லிட்டர் டின் ஒன்று இந்த அறைக்குப் போதும். இதையே புதுச்சேரி அளவில் சொன்னால், ஒரு வீசம் சுவருக்குக் கால் லிட்டருக்குச் சற்று மேல், ஒரு குழிச் சுவருக்கு ஏறக்குறைய நாலரை லிட்டர் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

டின்னில் அச்சிட்டிருக்கும் எண் ஒரு கோட்டிங்குக்கா இரண்டு கோட்டிங்குக்கா என்பதை முதலில் பார்க்க வேண்டும். இதைக் கவனியாததால் தேவையில் பாதியே வாங்கி வருவோர் உண்டு. வெளிச்சுவருக்கான பூச்சுகள் உள்சுவரைப்போல் பரவுவதில்லை. வெளிச்சுவர் சொரசொரப்பாக விடப்படுவதாலும், மழையையும் வெயிலையும் தாங்கத் தடித்த படலம் தேவைப்படுவதாலும், லிட்டருக்கு 50 முதல் 60 சதுர அடி என்ற அளவிலேயே அங்கு இரண்டு கோட்டிங் முடிகிறது. உள்ளறைக் கணக்கை அப்படியே வெளிச்சுவருக்கு இட்டால் பாதிக்கும் மேல் குறைந்துபோகும்.

இந்த எண் எங்கிருந்து வருகிறது என்பதை அறிந்தால், நீர் சேர்த்துப் பூச்சை நீட்ட முயல்வதன் விளைவும் புலப்படும். ஒரு லிட்டர் நீர்மத்தை ஒரு சதுர மீட்டர் பரப்பில் சீராகப் பரப்பினால் அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டர் இருக்கும். 130 சதுர அடி என்பது 12 சதுர மீட்டருக்குச் சற்று மேற்பட்டது. ஆகவே இரண்டு கோட்டிங்கும் சேர்ந்து ஈரமாக இருக்கும்போது அதன் தடிமன் 0.083 மில்லிமீட்டர், அதாவது 83 மைக்ரான் மட்டுமே. அதிலுள்ள நீர் ஆவியாகிப்போனபின், நிறமியும் அதைச் சுவரோடு ஒட்டவைக்கும் பிசினும் மட்டும் எஞ்சும். அவை பூச்சின் கன அளவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு என்று கொண்டால், சுவரில் நிலைக்கும் படலம் 30 மைக்ரானை ஒட்டியது. மனிதத் தலைமயிரின் பருமனில் பாதிகூட இல்லாத இந்தப் படலமே சுவரைப் பல ஆண்டுகள் காக்க வேண்டியிருக்கிறது. நிறுவனம் குறித்த அளவுக்கு மேல் நீர் கலந்தால் அடிக்கும் பரப்பு கூடுமேயன்றி நிலைக்கும் பொருள் கூடுவதில்லை. படலம் மெலிந்து, துணியால் துடைத்தால் கையோடு வந்துவிடும்.

நிறமும் மறைக்கும் ஆற்றலும்

எத்தனை கோட்டிங் என்பது மூன்றாவது எண். இரண்டு என்று பொதுவாகச் சொல்லப்பட்டாலும், பழைய நிறத்தைப் புதிய நிறம் மறைக்கும் ஆற்றலைப் பொறுத்தே அது அமையும். வெள்ளைப் பூச்சுக்கு மறைக்கும் ஆற்றலைத் தருவது டைட்டானியம் டை ஆக்சைடு என்னும் நிறமி. ஒளியை வளைக்கும் திறனைக் காட்டும் ஒளிவிலகல் எண் அதற்கு ஏறத்தாழ 2.7, சுற்றியுள்ள பிசினுக்கு 1.5 அளவே. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாட்டால்தான் உள்ளே நுழையும் ஒளி சிதறித் திரும்பி, அடியிலுள்ள நிறம் கண்ணுக்குத் தெரியாமற்போகிறது. மலிவான பூச்சுகளில் பெருமளவு சேர்க்கப்படும் சுண்ணத்தூளின் ஒளிவிலகல் எண் 1.6 அளவில் பிசினை ஒட்டியே இருப்பதால், அது இடத்தை நிரப்புமே ஒழிய நிறத்தை மறைக்காது. விலை குறைந்த பூச்சில் மூன்றாவது கோட்டிங் தேவைப்படுவதும், லிட்டர் விலையில் மிச்சம் பிடித்தது மொத்தச் செலவில் கரைந்துபோவதும் இதனாலேயே நிகழ்கின்றன. ஒப்பிட வேண்டியது லிட்டரின் விலையையன்று, சதுர அடியை மறைத்து முடிக்கும் விலையை.

புதுச்சேரிக்கு அடையாளமாகிவிட்ட மஞ்சள் நிறம் இங்கே தனியே கருதத்தக்கது. இரும்பு ஆக்சைடு கலந்த காவிமண் மஞ்சள் நன்றாக மறைக்கும். பளிச்சென்ற எலுமிச்சை மஞ்சளையும் சிவப்பையும் தரும் கரிம நிறமிகள் பலவும் ஒளி ஊடுருவும் தன்மையுடையவை. ஆழ்ந்த நீலமோ பச்சையோ இருந்த சுவரில் வெளிர் நிறம் அடிப்பதாயினும், வெள்ளைச் சுவரில் பளிச்சென்ற மஞ்சள் அடிப்பதாயினும், மூன்று கோட்டிங்குக்குக் கணக்கிடுவதே பாதுகாப்பு. மேற்சொன்ன அறைக்கு அப்போது 3.44 லிட்டர் 5.2 லிட்டராக உயரும். அடியில் ஒரு கோட்டிங் பிரைமர் கொடுத்துப் பழைய நிறத்தை அடக்கிவிட்டால், விலை கூடிய மேற்பூச்சில் அந்த மூன்றாவது கோட்டிங்கைப் பெரும்பாலும் தவிர்த்துவிடலாம்.

ஓதம் ஏறிய சுவர்

இனி வருவதே தேங்காய்த்திட்டு போன்ற கழிமுகப் பகுதிகளின் தனிச் சிக்கல். செங்கல்லிலும் காரையிலும் உள்ள நுண்துளைகள் வழியே நிலத்து நீர் மேலேறுவதை மக்கள் ஓதம் என்கின்றனர். நீர் தனியே ஏறுவதில்லை. தன்னில் கரைந்த உப்பையும் கொண்டுவருகிறது. சுவரின் மேற்பரப்புக்கு வந்ததும் நீர் ஆவியாக, உப்பு அங்கேயே படிகமாகி வளர்ந்து, வெண்பொடியாகப் பூக்கிறது, அல்லது பூச்சுக்கு அடியில் தங்கி அதைப் பொரிந்து உதிரச் செய்கிறது. அத்தகைய சுவரில் உதிர்ந்த இடத்தை மட்டும் தேய்த்துவிட்டுப் புதுப்பூச்சு அடிப்பது, எத்தனை லிட்டர் வாங்கினாலும், ஓராண்டில் மீண்டும் அதே இடத்துக்குத் திரும்பி வருவதற்கான வழி. கசியும் குழாயையும் மழைநீர் தேங்கும் வெளிப்புறத்தையும் முதலில் சரிசெய்து, உப்பை ஈரமின்றித் துலக்கி எடுத்து, கெட்ட காரையைக் கொத்திப் புதிதாகப் பூசி, அது காய்ந்தபின் அளந்தால்தான் பூச்சுக் கணக்கு பொருள்படும். புதிய சிமெண்ட் காரையும் காரத்தன்மை தணிய ஏறத்தாழ நான்கு வாரம் விடப்பட வேண்டும்.

காலமும் இதில் பங்கு பெறுகிறது. புதுச்சேரிக்குப் பெருமழை தருவது அக்டோபர் முதல் டிசம்பர் வரையான வடகிழக்குப் பருவக்காற்று. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலும், 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலும் இக்கரையைத் தாக்கியது இந்தப் பருவத்தில்தான். போகிக்கு முன் வீட்டை வெள்ளையடித்துப் பொங்கலை வரவேற்பது தலைமுறை வழக்கம் என்றாலும், மழையில் ஊறிய சுவர்கள் மார்கழியில் முழுதும் உலர்ந்திருப்பதில்லை. நீராவியை எளிதில் வெளியேவிடும் சுண்ணாம்பை அடித்த காலத்தில் அந்த வழக்கம் சுவருக்குத் தீங்கு செய்யவில்லை. பிளாஸ்டிக் தன்மையுள்ள பூச்சுகளோ ஈரத்தை உள்ளே அடைத்துவிடுகின்றன. சோதித்துப் பார்ப்பது எளிது. ஓரடிச் சதுரமான பாலித்தீன் தாளைச் சுவரில் நான்கு ஓரமும் இறுக ஒட்டி ஒரு நாள் விட்டுவைத்தால், உட்புறம் நீர்த்துளி அரும்பியிருக்கும் சுவர் இன்னும் காத்திருக்க வேண்டிய சுவராகும். மழை ஓய்ந்து மாசி, பங்குனியில் தொடங்கும் வேலை, பண்டிகைக்கு முந்திய அவசர வேலையைவிட நீடித்து நிற்கும்.

சுவரின் நிலையை ஒட்டியே பிரைமருக்கும் பட்டிக்கும் கணக்கிட வேண்டும். சுவர் பூச்சைக் குடிப்பதைத் தடுக்கும் முதற்பூச்சான பிரைமர், பட்டி பார்த்த சுவரில் ஒரு கோட்டிங்குக்கு லிட்டருக்கு ஏறத்தாழ 100 சதுர அடி வரும் என்று கொண்டால், மேற்கண்ட அறைக்கு நாலரை லிட்டர் தேவை. மேடுபள்ளங்களை நிரப்பும் வெள்ளைச் சிமெண்ட் பட்டி, இரண்டு முறை இழுக்க, கிலோவுக்கு 10 முதல் 15 சதுர அடி வரை வருவதால், முழுச் சுவருக்கும் 30 முதல் 45 கிலோ பிடிக்கும். உறுதியான பழைய பூச்சு உள்ள சுவரில் உப்புத்தாளால் தேய்த்துக் குறைகளை மட்டும் நிரப்பினால் போதும் என்பதால் இந்த அளவு பெரிதும் குறையும். பொரிந்த சுவரில் இவையே மேற்பூச்சைவிடப் பெருஞ்செலவாகும். பழைய கதவு, சன்னல்களின் எனாமல் பூச்சைச் சுரண்டுவோர், இந்தியாவில் வீட்டுப் பூச்சுகளில் ஈயத்தை 90 பி.பி.எம். அளவுக்குக் கட்டுப்படுத்தும் விதிகள் 2016-இல் வகுக்கப்பட்டு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தன என்பதை நினைவில் கொண்டு, தூசி பறக்காமல் ஈரத்தோடு தேய்த்து, குழந்தைகளை அவ்விடத்திலிருந்து விலக்கிவைப்பது நல்லது.

சுண்ணாம்புக் காரையால் கட்டிய பழைய வீடுகளுக்கு விதி வேறு. நீற்றிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஈர்த்து மீண்டும் கல்லாக இறுகுவதால், அது சுவரின் ஓர் அங்கமாகவே ஆகிவிடுகிறது. அதன் துளைகள் வழியே சுவர் ஈரத்தை வெளிவிட்டுக்கொண்டே இருக்கிறது. அடித்தவுடன் அடிச்சுவர் தெரிவதும், காய்ந்தபின்பே வெண்மை கூடுவதும் சுண்ணாம்பின் இயல்பு. முன்பு சொன்ன ஒளிவிலகல் வேறுபாடே இதற்கும் காரணம். நீர் நிரம்பிய துளைகளில் காற்று புகுந்தபிறகே ஒளி நன்கு சிதறுகிறது. இதை அறியாதவர் முதல் கோட்டிங்கிலேயே வெண்மையைக் காண விரும்பித் தடிப்பாக அடிக்க, அது பாளமாக உதிர்ந்துவிடும். மெல்லிய மூன்று கோட்டிங்குக்குக் கணக்கிட்டு, ஒவ்வொன்றும் காயக் காத்திருப்பதே சுண்ணாம்புக்குரிய முறை.

வாங்குவதும் மீதியும்

கணக்கு கையில் இருந்தால் வாங்கும் முறையிலும் மிச்சம் உண்டு. கூரையின் 154 சதுர அடிக்குப் பத்து விழுக்காடு சேர்த்து 1.3 லிட்டர் ஆகிறது; அதற்கென இரண்டு ஒரு லிட்டர் டின் வாங்கினால் மூன்றில் ஒரு பங்கு வீணாகும். அதே அளவுள்ள மூன்று அறைகளின் கூரைகளை ஒரே வெள்ளையாகச் சேர்த்துக் கணக்கிட்டால் 3.9 லிட்டர், நான்கு லிட்டர் டின் ஒன்றில் வேலை முடியும். இயந்திரத்தில் நிறம் கலந்து தரப்படும் பூச்சு, இன்று கலந்ததும் அடுத்த வாரம் கலந்ததும் சற்றே மாறுபடக்கூடும் என்பதால், ஒரு நிறத்துக்குரிய டின்கள் அனைத்தையும் ஒரே நாளில் வாங்கி, பெரிய வாளியில் ஒன்றாகக் கலந்தபின் அடிப்பது சுவரின் நடுவே நிறம் வேறுபடாமல் காக்கும். கலந்த நிறத்தைக் கடைகள் பொதுவாகத் திரும்ப எடுப்பதில்லை. அதனால் ஐயமுள்ள இடத்தில் பெரிய டின்னை அதிகமாக வாங்குவதைவிட, நிறக் குறியீட்டு எண்ணைக் குறித்துவைத்துக்கொண்டு பின்னர் ஒரு லிட்டர் வாங்குவதே சிக்கனம்.

அரை லிட்டர் அளவுக்கு மீதி இருப்பது குறையன்று. மூடியை இறுக்கி, அறையின் பெயர், நிறத்தின் எண், அடித்த தேதி ஆகியவற்றை எழுதி நிழலில் வைத்தால் கீறலுக்கும் கறைக்கும் அது உதவும். அதற்கு மேல் எஞ்சுவதற்கு நல்ல இடம் ஏதுமில்லை. ரோலரைக் கழுவிய நீரும், வேண்டாத பூச்சும் தெருவோரக் கால்வாயில் ஊற்றப்படும்போது அவை மறைந்துவிடுவதாகத் தோன்றுகிறது; கால்வாய் நீர் இறுதியில் சென்று சேர்வதோ இறால், நண்டுக் குஞ்சுகள் வளரும் கழிமுகத்தை. ரோலரைக் கழுவுமுன் பழைய செய்தித்தாளில் அழுந்த உருட்டி எடுப்பதும், சிறிது பூச்சே எஞ்சினால் அதை மணலில் கலந்து இறுகவைத்துக் குப்பையில் சேர்ப்பதும் எவருக்கும் இயலக்கூடிய செயல்கள்.

அவற்றினும் எளிது, தேவையற்ற லிட்டரை வாங்காமலே இருப்பது. அளவு நாடாவோடு ஒரு மணி நேரம், பாலித்தீன் தாளோடு ஒரு நாள், ஒரு தாளில் சில பெருக்கல்கள். இவ்வளவே ஒரு வீட்டாரிடம் இந்தக் கணக்கு கேட்கும் உழைப்பு. மனையை வாங்கும்போது வீசம் குறையாமல் அளந்து பார்த்த கண்ணை, அந்த மனையில் எழுந்த சுவரின் பக்கமும் ஒருமுறை திருப்பினால் போதும். வீட்டின் பணமும், சுவரின் ஆயுளும், தெருக்கோடிக்கு அப்பால் ஏறி இறங்கும் உப்பங்கழியின் நீரும் ஒருங்கே காக்கப்படும்.